அம்புக்குறி ஏறிய தொகுப்பு

பிறர் எழுதியதை மூட்டை கட்டி உள்ளே அனுப்புகிறவனை, மூட்டை அவிழ்ந்து விழுகிற நாளில் மட்டும்தான் நாலு பேர் பெயர் சொல்லித் தேடுவார்கள்.

இதை நான் இரண்டு தொழில்களில் பார்த்துவிட்டேன். முதலில் ஒரு தினசரியில் செங்கல்பட்டு மாவட்டப் பக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் சுருக்கி, தலைப்பு வைத்து, இடம் பார்த்துப் பொருத்தி அச்சுக்கு அனுப்பும் வேலை. செய்தி பேசப்பட்டால் நிருபருக்குப் பெயர். தலைப்பு இடித்தால் எனக்கு. அந்தப் பக்கத்தையே நிறுத்தியபோது, பக்கம் கட்டுவதற்காக நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு எழுதிய புரோகிராம்கள் கைகொடுத்தன. இன்றைக்கு ஒரு கணினி மொழியின் கம்பைலருக்கு வரும் திருத்தங்களைச் சேர்த்துக் கட்டுகிறேன்.

கம்பைலர் என்பது நாம் எழுதும் புரோகிராமைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். எங்களுடையது திறந்த மூலம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் திருத்தம் எழுதி அனுப்பலாம். விஷயம் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்துச் 'சரி' என்றதும் அது வரிசையில் போய் நிற்கும். உள்ளே விடுவதற்கு முன் எல்லா வகைக் கணினிகளிலும் ஓட்டிச் சோதிக்க வேண்டும். ஒரு சோதனைக்கு அரைநாள் போய்விடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அரைநாள் கொடுத்தால் வரிசை திண்டிவனம் வரைக்கும் நிற்கும். அதனால் சின்னத் திருத்தங்களைப் பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து, ஒரே தொகுப்பாக்கி, ஒரே சோதனையில் அனுப்புவோம். தேறினால் எல்லாம் உள்ளே. ஒன்று சறுக்கினாலும் எல்லாம் வெளியே.

முன்னால் நின்றவரின் விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்காக, கவுன்ட்டர் மூடி, தானும் மறுநாள் வரச்சொல்லி அனுப்பப்பட்ட எல்லோரும் எனக்கு உறவினர்கள். இது அவர்கள் படிப்பதற்காக.

மைத்துனருக்கு விளக்கியது

என் மனைவி கௌரியின் அண்ணன் செங்கல்பட்டிலேயே இருக்கிறார். பேப்பர் வேலை போன பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குக் கவலை. ஒருநாள் மதியம் சாப்பிட்ட கையோடு, "நெசமாவே இன்னாதான் வேல மாப்ள?" என்று கேட்டார்.

புதிய பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஷேர் ஆட்டோவைச் சொல்லி விளக்கினேன். ஒரு ஆளுக்காக வண்டியை எடுத்தால் கட்டுபடியாகாது. ரொம்பும் வரை ஏற்ற வேண்டும். வழியில் ஒருவருக்கு வாந்தி வந்தால் வண்டியே நிற்கும். கல்யாணத்துக்குப் போகிறவரும் பரீட்சைக்குப் போகிறவரும் சேர்ந்துதான் நிற்பார்கள். அதனால் ஏற்றும்போதே ஆளைப் பார்த்து ஏற்ற வேண்டும். அதுதான் என் வேலை என்றேன். மைத்துனர் ஒருவாறு தலையாட்டினார். என் பேச்சில் எனக்கே ஒரு திருப்தி.

தட்டை எடுத்துக்கொண்டிருந்த கௌரி சொன்னாள்: "ஓட்டுறது அந்த மெஷினு, போறது அவங்க. அப்போ நீங்க டிரைவர்கூட இல்ல. 'ஏறு, ஏறு'ன்னு கூவுறவரு."

கொஞ்சம் தள்ளி நிற்கும் அம்பு

சபீனாவை எனக்கு முதலில் திருத்தத்தின் மூலம்தான் தெரியும். பிறகு அவர் மாமல்லபுரத்துக்காரர் என்று தெரிந்தது. ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒருவருடன் அமெரிக்காவில் இருக்கும் சர்வர் வழியாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். ஆட்குறைப்பில் வேலை போனது. கணவர் சில வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். பிளஸ் ஒன் படிக்கும் மகள் ரிஃபாவுடன் அம்மா வீட்டில் இருக்கிறார். குடும்பத்துக்கு பஸ் நிலையத்தருகே ஒரு ஸ்டேஷனரி கடை. அதன் பின்னறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எங்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் புரோகிராமுக்குள் தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை. எங்காவது தப்பு இருந்தால் கம்பைலர் அந்த வரியைக் காட்டி, தப்பு இருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு அம்புக்குறி போடும். ஆங்கிலத்தில் அம்பு சரியாக நிற்கும். தமிழில் நாம் ஒன்று என்று நினைக்கும் எழுத்தைக் கணினி இரண்டு, மூன்று என்று எண்ணுவதால், அம்பு கொஞ்சம் தள்ளி, தப்பே இல்லாத இடத்துக்குக் கீழே நிற்கும். பிள்ளைகள் சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். சபீனா அம்பை நேர்செய்து திருத்தம் அனுப்பியிருந்தார்.

அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு அவரைப் பேட்டி எடுத்திருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஆர்டர் தருவதற்கு முன் கம்பைலரின் அடுத்த வெளியீட்டில் அவருடைய திருத்தம் இருக்க வேண்டும் என்றார்கள். இங்கே வேலை கிடைக்காவிட்டால் மஸ்கட்டில் தம்பி பார்த்து வைத்திருக்கும் கணக்கு வேலை. விசா ஒருவருக்குத்தான். ரிஃபாவைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

எங்கள் வழக்கப்படி, திருத்தத்தோடு ஒரு குறிப்பும் போடலாம்: 'தொகுப்பில் சேர்க்கலாம்' அல்லது 'தனியாக ஓட்டவும்'. தனியாக ஓட்டினால் அடுத்தவர் யாரும் கவிழ்க்க முடியாது. ஆனால் பத்துப் பேரின் அரைநாளை ஒருவர் எடுத்துக்கொள்வார். சின்னத் திருத்தம் எழுதுகிறவர்கள் மரியாதைக்காகச் 'சேர்க்கலாம்' என்றே போடுவார்கள். சபீனாவும் அதைத்தான் போட்டிருந்தார். வேலை விஷயத்தைச் சொன்ன பிறகாவது மாற்றிக்கொள்ளும்படி போனில் சொன்னேன்.

"தனியா வண்டி புடிச்சுப் போற அளவுக்கு அது பெருசு இல்லண்ணா," என்றார். "எல்லாரோடயும் சேர்ந்தே போகட்டும்."

கமென்ட்டுதானே

நான் கட்டாத நாட்களில் கட்டுகிறவன் தனசேகர். அச்சரப்பாக்கம் பக்கம் விவசாயக் குடும்பம், ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். வயதில் என்னைவிட மிகவும் சிறியவன், கம்பைலரில் என்னைவிட மூத்தவன். என்னை அண்ணாத்த என்பான், சபீனாவை அக்கா என்பான், கம்பைலரை மட்டும் வாடா போடா என்பான்.

சபீனாவின் அம்பை முதலில் ஏற்றியது அவன்தான். அதே தொகுப்பில் ஒரு டச்சுக்காரரின் திருத்தமும் இருந்தது. புரோகிராமுக்குள் மனிதர்கள் படிப்பதற்காக எழுதும் விளக்கக் குறிப்பில், அதாவது கமென்ட்டில், ஒரு சொல்லை மாற்றியிருந்தார், அவ்வளவுதான். குறிப்பு என்றால் எங்களில் யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் குழந்தைக்கு டிக்கெட் கேட்காத மாதிரி, 'கமென்ட்டுதானே' என்று ஏற்றிவிடுவோம்.

அந்தக் குறிப்புக்குள் ஒரு உதாரணம் இருந்தது. எங்கள் சோதனை உதாரணங்களையும் ஓட்டிப் பார்க்கும். டச்சுக்காரர் மேல் வரியில் அந்தச் சொல்லை மாற்றியவர், கீழ்வரியில் மாற்ற மறந்திருந்தார். அரைநாள் ஓடிய பிறகு தொகுப்பு கவிழ்ந்தது. அம்பும் அதோடு கீழே விழுந்து வரிசையின் வாலுக்குப் போனது.

குற்றவாளியை மட்டும் இறக்கிவிட்டு மற்றவர்களை அப்படியே உள்ளே விடக்கூடாதா என்று தனசேகரைக் கேட்டேன். கூடாது என்று எனக்கே தெரியும். கேட்க வேண்டும்போல் இருந்தது. ஒருவரை எடுத்துவிட்டால் அது வேறு தொகுப்பு. மறுபடி அரைநாள்.

"மூட்டையில எலி பூந்துகினா மூட்டையதான் கொட்டணும் அண்ணாத்த," என்றான். "உள்ள கைய வுட்டு எலிய மட்டும் எட்ற ஆள நான் பாத்ததில்ல."

ஏரிக்கரையில் டச்சுக்காரர்

அந்த டச்சுக்காரரே தை மாதத்தில் வந்து இறங்கினார். எங்களைப் பார்க்க அல்ல, பறவை பார்க்க. வேடந்தாங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தார். நானும் தனசேகரும் போனோம். சபீனாவும் ரிஃபாவுடன் வந்திருந்தார். ஓங்கி வளர்ந்த மனிதர். கழுத்தில் பைனாகுலர், தலையில் தொப்பி, முகமெல்லாம் வெயில். ஏரிக்கரையில் நடந்துகொண்டே, நத்தைகொத்தி நாரையைக் காட்டி அதன் விஞ்ஞானப் பெயரைச் சொன்னார். தனசேகர், "இது எங்க வயல்ல சும்மா நிக்கும்" என்றான்.

சபீனா யார் என்று தெரிந்ததும் மனிதர் அப்படியே நின்றுவிட்டார். கவிழ்ந்த தொகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று அவருக்கு மனப்பாடம். பைனாகுலரைக் கழற்றி ரிஃபாவிடம் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். வேலை விஷயமும் எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது, தனசேகரின் வாய். சபீனா, "அதனாலென்ன, அடுத்த தொகுப்பில் போய்விடும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கடையிலிருந்து எடுத்துவந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்.

டச்சுக்காரர் பிஸ்கட்டைக் கையில் வைத்தபடியே நின்றார். நூறு பேருக்குக் கம்பைலர் பாடம் எடுத்தவர். எப்படி விட்டுப்போனது என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்: "அதை ரயிலில் எழுதினேன். ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். அதற்குள் நான் இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டது."

இரண்டு சரி

இரண்டாவது முறை அம்பை ஏற்றியது நான். ஒவ்வொரு திருத்தத்தையும் முகர்ந்து பார்த்து ஏற்றினேன். குறிப்புகளை உதாரணத்தோடு ஓட்டியும் பார்த்தேன். எல்லாம் தனித்தனியாகச் சுத்தம்.

பேப்பரில் இருந்தபோது ஒரு விஷயம் கற்றேன். மரணச் செய்தி சரியாக இருக்கும். கல்யாண மண்டப விளம்பரமும் சரியாக இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் வைத்தவனுக்குத்தான் மறுநாள் போன் வரும். இங்கேயும் அதேதான் நடந்தது.

எங்கள் சோதனைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விடைத்தாள் உண்டு. இந்தத் தப்பான புரோகிராமைக் கொடுத்தால் கம்பைலர் என்ன சொல்ல வேண்டும், அம்பு எங்கே நிற்க வேண்டும் என்று அதில் முன்பே பதிந்திருக்கும். கம்பைலர் சொல்வது விடைத்தாளோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். அதே தொகுப்பில் பிரேசில்காரர் ஒருவர் ஒரு புதிய சோதனையைச் சேர்த்திருந்தார். அதில் ஒரு வரி இந்தி. அவர் விடைத்தாளைப் பதிந்தபோது அம்பு பழைய இடத்தில், தள்ளி நின்றது. அப்படியே பதிந்துவிட்டார். அன்றைய நிலையில் அதுதான் சரி. சபீனாவின் திருத்தம் வந்ததும் அம்பு நகர்ந்து நேராக நின்றது. விடைத்தாளோடு பொருந்தவில்லை. தொகுப்பு கவிழ்ந்தது.

இரண்டில் ஒன்று இறங்க வேண்டும். பல விடைகளை மாற்றுகிற திருத்தமே இறங்கி, தன்னைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிரேசில்காரர் மறு ஓட்டத்தில் உள்ளே போனார். சபீனா இறங்கினார். நான்தான் போன் செய்து சொன்னேன். கடையில் யாரோ ஏ ஃபோர் தாள் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பேசினார்.

"என்னோடது சரி. அவரோடதும் சரி. கட்டுன நீங்களும் சரியாத்தான் கட்டுனீங்க," என்றார். "அப்ப நான் யார் மேலண்ணா கோவப்படுறது?"

அச்சரப்பாக்கத்து ஆசீர்வாதம்

வெளியீட்டுக்குக் கதவு மூடுகிற நாள் நெருங்கியது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு குறிப்பிட்ட மாலையில் கதவை மூடுவோம். அதற்குள் உள்ளே இருப்பது இந்த வெளியீட்டில் வரும். பிறகு வருவது அடுத்ததில். சபீனாவுக்கு வேண்டியது இந்த வெளியீடு.

இந்த முறை, சபீனா கேட்காவிட்டாலும், நானே மேலிடத்துக்கு எழுதி, அம்பைத் தனியாக ஓட்ட அனுமதி வாங்கினேன். அடுத்தவர் கவிழ்க்க வழியில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிரேசில்காரரின் விடைத்தாளை அம்பின் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும். அதைக் கையால் மாற்றத் தேவையில்லை. அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. கொடுத்தால், கம்பைலர் இப்போது என்ன சொல்கிறதோ அதையே புதிய விடையாகப் பதிந்துவிடும். சரியா தப்பா என்று கேட்காது. அதனால்தான் அதற்கு ஆசீர்வாதம் என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கதவு மூடும் அன்று காலை சபீனா சென்னையில் இருந்தார். தம்பி அவசரப்படுத்தியதால் மஸ்கட் விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை. அந்த நாளை விட்டால் அந்த இடமும் போய்விடும் என்றார்களாம். போக விரும்பாத ஊருக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றுகொண்டு, போனில் தனசேகரிடம், "நீ கொஞ்சம் போட்டுடுறியா தனா?" என்று கேட்டார். அவன் அறுவடைக்காக அச்சரப்பாக்கத்தில் இருந்தான். களத்துமேட்டிலிருந்து வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, லேப்டாப்பைத் திறந்து ஆசீர்வாதம் செய்து அனுப்பினான். விடைத்தாளை நானும் பார்த்தேன். அம்பு நேராக நின்றது. தனி ஓட்டத்துக்கு விட்டேன்.

"அக்கா வர்ற பஸ்ஸு நெம்மேலி தாண்டறதுக்குள்ள உள்ள பூடும் அண்ணாத்த," என்றான். "வந்துகினே பாக்கட்டும்."

பழைய வகைக் கணினி

பிற்பகலில் ஒவ்வொரு கணினி வகையாகத் தேறிக்கொண்டு வந்தது. திரையில் பச்சை, பச்சை, பச்சை. கௌரி டீ வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் ஒன்று சிவந்தது.

பிரேசில்காரரின் சோதனையில் நினைவக அளவும் ஒரு விடை. அது புதிய வகைக் கணினியில் ஒரு மாதிரி, பழைய வகையில் வேறு மாதிரி வரும். அதனால் அந்தச் சோதனைக்கு மட்டும் இரண்டு விடைத்தாள்கள். ஆசீர்வாதம் எந்தக் கணினியில் நடக்கிறதோ அந்த வகைத் தாளை மட்டும்தான் திருத்தும். தனசேகருடையது புதியது. பழைய வகைத் தாளில் அம்பு பழைய இடத்திலேயே நின்றது. அவன் திருத்தியதும் நான் சரிபார்த்ததும் ஒரே தாள். இன்னொன்று இருப்பது இருவருக்கும் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் செய்திருப்பார்கள். செய்த நாளில் அது யாருக்கும் ஆறுதலாக இருந்திருக்காது.

மறுபடி அரைநாள் ஓட்ட நேரமில்லை. கதவு மூடும் பொறுப்பில் இருந்த கனடாக்காரப் பெண்மணிக்கு எழுதி, கொஞ்சம் தள்ள முடியுமா என்று கேட்டேன். ஒருவருக்காகத் தள்ளினால் வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று பணிவாகக் கேட்டார். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பிறகு வந்த நிருபர்களிடம் நானும் இதையே கேட்டிருக்கிறேன், இவ்வளவு பணிவாக அல்ல.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. தனசேகர் அச்சரப்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்தான். சட்டையில் வைக்கோல் தூசு. திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். கடைக்குப் போனபோது சபீனா சென்னையிலிருந்து வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. பஸ்ஸிலேயே பார்த்துவிட்டாராம். ரிஃபா எங்களுக்கு ஸ்டூல் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கிவந்து வைத்தாள்.

தனசேகர் கிளாஸைத் தொடவில்லை. "பேஜார் பண்ட்டேன்க்கா. நாஸ்தாகூட துன்னாம ஒக்காந்து பண்ணேன், ரெண்டாவது தாளு இருக்கறத மறந்துட்டேன்," என்றான்.

சபீனா பஞ்சைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டார். "நான் போட்டிருந்தா என் லேப்டாப்பும் அந்த ஒரு தாளைத்தான் திருத்தியிருக்கும் தனா. டீ ஆறுது, குடி."

எந்தச் சத்தமும் இல்லாமல்

மறுநாள் இரண்டு தாளையும் திருத்தி, அம்பை வழக்கமான தொகுப்பில் மற்றவர்களோடு ஏற்றினேன். முதல் ஓட்டத்திலேயே எல்லாம் பச்சை. ஒரு முணுமுணுப்பு இல்லை. நல்ல நாட்களில் எங்கள் வேலை அப்படித்தான் இருக்கும்; அன்றைக்கு அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு சபீனா நடந்ததை எழுதினார். நானும் ஒரு கடிதம் எழுதினேன். டச்சுக்காரரும் தானாகவே எழுதினார் என்று பின்னால் தெரிந்தது. மரியாதையான பதில் வந்தது. திருத்தம் அருமை என்று பாராட்டியிருந்தார்கள். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்தாகிவிட்டது, மறுபடி ஆள் எடுக்கும்போது தெரிவிக்கிறோம் என்றும் இருந்தது. தினசரியில் நான் எத்தனையோ கவிதைகளைத் திருப்பி அனுப்பியவன். அந்தப் பதிலின் கடைசி வரிக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். சபீனாவுக்கும் தெரிந்திருந்தது.

விமான நிலையத்துக்கு நானும் கௌரியும் போயிருந்தோம். சபீனாவின் பெட்டிகளில் ஒன்று கூடுதல் எடை. ரிஃபா கீழே உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, எதை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள். சபீனா அதை வாங்கித் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார். எங்கள் மொழியின் பாடப் புத்தகம்.

"அங்க இதுக்கு வேல இல்ல," என்றார். "நீ படி."

பின்னறை வகுப்பு

அந்த வகுப்பை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனசேகர் எடுக்கிறான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே போய் நின்றான். அச்சரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு பைக்கில் போய்வருவது முதுகுக்கு நல்லதல்ல என்று ஒருமுறை சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது" என்று பேச்சை மாற்றிவிட்டான். ரிஃபாவும் முன்வரிசையில் உட்காருகிறாள். மற்ற பிள்ளைகள் முன்னால் அவனை மாமா என்று கூப்பிடுவதா, சார் என்று கூப்பிடுவதா என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை. இரண்டும் இல்லாமல் கை தூக்கிச் சமாளிக்கிறாள்.

அம்பு இருக்கும் வெளியீடு வந்தது. பிள்ளைகளின் லேப்டாப்களில் புதிய கம்பைலர் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி தமிழில் ஒரு வரி எழுதி, வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்து ஓட்டினாள். அம்பு தப்புக்கு நேர் கீழே நின்றது. தனசேகர், இந்த அம்பு முன்னால் எங்கே நின்றது, யார் இதை நேராக்கினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். ரிஃபா குனிந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தப்பு எங்க இருக்கோ அங்கதானே சார் காட்டணும்? இதுல என்ன இருக்கு?" என்றாள்.

தனசேகர் இதை மஸ்கட்டுக்கு எழுதிப் போட்டான். அலுவலக இடைவேளையில் பதில் வந்தது. போனை என்னிடம் நீட்டினான். சபீனா எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கேன் தனா. ரிஃபா சாப்பிட்டாளா?"

சரியான திருத்தம் எப்படியும் ஒருநாள் உள்ளே போய்விடும் என்பது எங்கள் தொழிலின் பெருமை. அதற்குள் எழுதியவர் ஊரைவிட்டே வெளியே போயிருப்பார் என்பதை மட்டும் நாங்கள் எந்தச் சோதனையிலும் சேர்க்கவில்லை.